கடன் வேண்டாம், பாக்கியைக் கொடுங்கள்

முத்ரா கடன் திட்டத்துக்கு 2025 ஏப்ரலில் பத்து வயது நிறைந்தது. அதையொட்டி மத்திய அரசு ஒரு கணக்கு வெளியிட்டது. 52 கோடிக் கடன்கள், 32 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். நம் போன்றவர்களுக்கு லட்சம் கோடி என்றாலே பூஜ்யங்கள் குழம்பிவிடும். கால்குலேட்டரில் வகுத்துப் பார்த்தேன். ஒரு கடனுக்குச் சராசரியாக 60,000 ரூபாய் சொச்சம் வருகிறது.

60,000 ரூபாயில் என்ன தொழில் செய்யலாம்? பவர் தையல் மெஷின் இரண்டு வாங்கலாம். தள்ளுவண்டி, காஸ் அடுப்பு, பாத்திரம் எல்லாம் வாங்கி இட்லிக் கடை போடலாம். ஒரு லேத் மெஷின் வேண்டுமென்றால், பழைய மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வரலாம். கேலிக்காகச் சொல்லவில்லை. அந்த இட்லிக் கடைக்காரம்மாவுக்கு முன்பெல்லாம் பேங்க் வாசற்படியே ஏற முடியாது. காலையில் 900 வாங்கி மாலையில் 1,000 திருப்புகிற கடனில்தான் அவர் பிழைப்பு ஓடியது. அவர் பெயரில் பேங்க்கில் ஒரு கணக்கும் கடனும் இருப்பது நிச்சயம் நல்ல விஷயம். முத்ராக் கடன் வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பெண்கள். இதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

என் கேள்வி வேறு. அந்த இட்லிக் கடை இன்னும் இருக்கிறதா?

முத்ராவின் கணக்குப் பக்கங்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மாநில வாரியாக, வங்கி வாரியாக, வருட வாரியாக இருக்கிறது. எத்தனை கடன், அனுமதித்த தொகை எவ்வளவு, வழங்கிய தொகை எவ்வளவு. மூன்று கட்டங்கள். கடன் வாங்கியவர் மூன்று வருடம் கழித்து என்ன ஆனார் என்பதற்கு நான்காவது கட்டம் கிடையாது. ஆஸ்பத்திரியில் எத்தனை பேருக்கு ஊசி போட்டோம் என்று மட்டும் எழுதிவைத்து, எத்தனை பேருக்கு ஜுரம் விட்டது என்று எழுதாமல் விட்டால் எப்படி இருக்கும்?

இந்தத் திட்டத்தில் கடன்களுக்கு வைத்திருக்கும் பெயர்கள் அழகானவை. 50,000 வரை 'சிசு'. 5 லட்சம் வரை 'கிஷோர்', அதாவது விடலை. 10 லட்சம் வரை 'தருண்', வாலிபர். 2024 அக்டோபரிலிருந்து 'தருண் ப்ளஸ்' என்று 20 லட்சம் வரை நீட்டியிருக்கிறார்கள். ஆரம்ப வருடத்தில் பத்துக் கடனில் ஒன்பதுக்கு மேல் சிசு. 2024-25ல் அது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நல்ல அறிகுறிதான். ஆனால், அன்றைய சிசு வளர்ந்துதான் இன்றைய விடலை ஆனதா, அல்லது பேங்க்குகள் சிசுக்களை விட்டுவிட்டு வேறு வீட்டு விடலைகளைத் தேடிப் போய்விட்டனவா? இந்தக் கணக்கைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது.

அரசே ஒருமுறை இதைக் கேட்டுப் பார்த்தது. மத்திய தொழிலாளர் துறையின் லேபர் பீரோ, 2015 ஏப்ரல் முதல் 2017 டிசம்பர் வரையிலான முத்ராக் கடன்களை வைத்து ஒரு பெரிய சர்வே எடுத்தது. அந்த மூன்று வருடத்துக்கும் குறைவான காலத்தில் சுமார் 1 கோடியே 12 லட்சம் கூடுதல் வேலைகள் உருவாகியிருப்பதாக அது மதிப்பிட்டது. அதே சர்வேயில் இன்னொரு தகவலும் இருந்தது. கடன் வாங்கியவர்களில் புதிதாகத் தொழில் தொடங்கியவர்கள் ஐந்தில் ஒருவர்தான். மீதி நால்வரும் ஏற்கெனவே கடை வைத்திருந்தவர்கள். 'வேலை தேடுகிறவர்களை வேலை கொடுக்கிறவர்களாக மாற்றினோம்' என்று மேடையில் பேசும்போது இந்த ஐந்தில் ஒன்று ஞாபகம் வர வேண்டும்.

கடன் கொடுத்தால் சின்னத் தொழில் வளருமா, வளராதா? இதற்கு நம் நாட்டிலேயே இரண்டு நல்ல ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன. இரண்டிலும் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் இருந்தார்கள். 2019ல் நோபல் வாங்கினார்களே, அவர்கள்தான். இரண்டும் சொல்கிற பதில் எதிரெதிர் போலத் தோன்றும்.

முதலாவது ஹைதராபாத்தில். 104 ஏழைக் குடியிருப்புகளை எடுத்துக்கொண்டு, பாதி இடங்களில் மட்டும் ஒரு மைக்ரோ ஃபைனான்ஸ் நிறுவனத்தை முதலில் கிளை திறக்கவைத்து, இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டார்கள். 2015ல் முடிவு வெளிவந்தது. பெரிய மாற்றம் எதுவும் இல்லை. குடும்பங்களின் செலவு கூடவில்லை, சராசரி லாபமும் பெரிதாக உயரவில்லை. ஏற்கெனவே தொழிலில் இருந்தவர்களில் சிலர் மட்டும் மேலே போனார்கள்.

இரண்டாவது, சற்றுப் பெரிய கம்பெனிகளைப் பற்றியது. 1998ல், மெஷினரி மதிப்பு 65 லட்சம் வரை இருந்தால்தான் 'சிறுதொழில்' என்றிருந்த வரம்பை அரசு 3 கோடியாக உயர்த்தியது. முன்னுரிமைக் கடன் திடீரென்று ஒரு புதுக் கூட்டத்துக்குக் கிடைத்தது. 2000ல் வரம்பை 1 கோடிக்கு இறக்கினார்கள், கடன் நின்றது. பேங்க்கின் பழைய ஃபைல்களைப் புரட்டிப் பார்த்ததில், கடன் கிடைத்த வருடங்களில் அந்தக் கம்பெனிகளின் விற்பனையும் லாபமும் நன்றாகவே உயர்ந்திருந்தன. பணத்தை வேறு கடனை அடைக்கப் பயன்படுத்தவில்லை, உற்பத்தியில்தான் போட்டிருந்தார்கள்.

ஆக, கையில் ஆர்டர் இருந்து, சரக்கு வாங்கப் பணமில்லாமல் தவிக்கிறவருக்குக் கடன் கொடுத்தால் அது வேலை செய்கிறது. ஆர்டரே இல்லாதவருக்குக் கொடுத்தால் அது தவணையாகிறது. ஊரில் ஃபைனான்ஸ் நடத்தும் எந்தச் செட்டியாரைக் கேட்டாலும் இதை நோபல் வாங்காமலே சொல்லியிருப்பார். ஆனால் நம் திட்டங்களின் விண்ணப்பப் படிவத்தில் சாதி கேட்கிறார்கள், படிப்பு கேட்கிறார்கள், மெஷினுக்குக் கொட்டேஷன் கேட்கிறார்கள். 'இதை யார் உன்னிடம் வாங்கப் போகிறார்?' என்ற ஒரு கேள்விதான் பேருக்கு 'மார்க்கெட்டிங்' என்ற தலைப்பில் கடைசிப் பக்கத்தில் ஒளிந்துகொண்டிருக்கிறது. அதையும் ஆடிட்டர் ஆபீஸில் உள்ள பையன் நிரப்பித் தருகிறான்.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் என்று ஒன்று 2008ல் வந்தது. பழைய இரண்டு திட்டங்களை ஒட்டவைத்து உருவாக்கியது. கதர் கிராமத் தொழில் ஆணையமும் மாவட்டத் தொழில் மையங்களும் நடத்துகின்றன. இடத்தையும் ஆளையும் பொறுத்து 15 முதல் 35 சதவிகிதம் வரை மானியம். 2022ல் திட்ட மதிப்பின் உச்சவரம்பை உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் என்று உயர்த்தினார்கள். இதில் ஒரு கெட்டிக்கார ஏற்பாடு இருக்கிறது. மானியத்தைக் கையில் கொடுப்பதில்லை. மூன்று வருடம் பேங்க்கில் டெபாசிட்டாக வைத்திருந்து, தொழில் நடக்கிறதா என்று வந்து பார்த்த பிறகுதான் கடனில் கழிக்கிறார்கள். முத்ராவில் இல்லாத அந்த நான்காவது கட்டம் இங்கே ஓரளவுக்காவது இருக்கிறது.

ஆனாலும் மானியம் இருக்கும் இடத்தில் அதற்கென்றே ஒரு தொழில் முளைத்துவிடுகிறது. பாக்குமட்டைத் தட்டு செய்யும் மெஷினைப் பார்த்திருப்பீர்கள். பயிற்சி வகுப்பில் மெஷினைக் காட்டுகிறவர், கொட்டேஷன் தருகிறவர், மெஷின் விற்கிறவர் மூவரும் பல இடங்களில் ஒரே ஆசாமி. ஒரே வருடத்தில் சுற்றுவட்டாரத்தில் நாலைந்து பேர் தட்டுப் போட ஆரம்பிப்பார்கள். கல்யாண சீஸனில் கொஞ்சம் ஓடும். மட்டை விலை ஏறும், தட்டு விலை இறங்கும். கடைசியில் லாபம் பார்த்தவர் மெஷின் விற்றவர்தான். அவருக்கு மானியம் எதுவும் கிடையாது, பாவம்.

கொரோனாக் காலத்துத் திட்டத்துக்குத் தனியாக மார்க் போட வேண்டும். 2020 மே மாதத்தில், அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம் என்று 3 லட்சம் கோடிக்கு அறிவித்தார்கள். பின்னால் அது 5 லட்சம் கோடி வரை போயிற்று. ஏற்கெனவே உள்ள கடன் பாக்கியில் 20 சதவிகிதம் கூடுதலாக, புது ஜாமீன் இல்லாமல் கிடைத்தது. முழு உத்தரவாதம் அரசுடையது. பேங்க் மேனேஜர்கள் தாங்களாகவே போன் செய்து கூப்பிட்டுக் கொடுத்த கடன் என் நினைவுக்குத் தெரிந்து அது ஒன்றுதான். சுமார் 1 கோடியே 19 லட்சம் பேர் பயனடைந்தார்கள். ஸ்டேட் பேங்க்கின் ஆராய்ச்சிப் பிரிவு, 14 லட்சத்துக்கு மேற்பட்ட கணக்குகள் வாராக்கடனாகாமல் தப்பித்தன என்று 2023ல் மதிப்பிட்டது. பாராட்ட வேண்டியதுதான்.

ஆனால் 'ஏற்கெனவே உள்ள கடனில் 20 சதவிகிதம்' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். கடனே இல்லாதவருக்குப் பூஜ்யத்தில் 20 சதவிகிதம். 2015-16ல் தேசிய மாதிரி ஆய்வு எடுத்த கணக்கில் நாட்டில் 6 கோடியே 30 லட்சத்துக்கும் மேல் சின்னத் தொழில்கள் இருந்தன. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது 'குறு' என்ற கடைசி வகுப்பு. பெரும்பாலும் சம்பளத்துக்கு ஆளே வைக்காமல், வீட்டாரே உட்கார்ந்து நடத்துகிறவை. ஊரடங்கில் முதலில் ஷட்டரை இறக்கியவர்களும் இவர்கள்தான். கடன் வாங்காமல் கௌரவமாக நடத்தியவருக்கு அந்தத் திட்டத்தில் வரிசையே இல்லை. தெருவோர வியாபாரிகளுக்கு மட்டும் 2020 ஜூனில் 10,000 ரூபாயில் தனியாக ஸ்வநிதி என்று ஒன்று வந்தது. அன்றைக்கு ஒழுங்காகக் கட்டினால் 20,000, பிறகு 50,000 என்று படிப்படியாக ஏறுகிற ஏற்பாடாக அது இருந்தது. சின்ன ஆளை நம்பிக் கொடுத்த கடன் என்ற வகையில் எனக்கு அது பிடித்திருந்தது.

இப்படிக் கடன், கடன் என்றே பேசிக்கொண்டிருக்கிறோமே, கடன் தராத உதவி என்று ஏதாவது இருக்கிறதா?

சென்னையில் இருப்பவர்கள் கிண்டி தொழிற்பேட்டை வழியாகப் போயிருப்பீர்கள். 1958ல் தொடங்கியது. அங்கே அரசு செய்த வேலை சாதாரணமானது. இடம், ஷெட், ரோடு, கரண்ட். அவ்வளவுதான். அடுத்து அம்பத்தூர் வந்தது. பெரிய மோட்டார் கம்பெனிகளுக்கு நட்டும் போல்ட்டும் கியரும் ரப்பர் வாஷரும் செய்து கொடுத்த எத்தனையோ பட்டறைகள் அங்கே வளர்ந்தன. சின்ன ஷெட்டில் ஆரம்பித்து ஏற்றுமதி வரைக்கும் போனவர்கள் இருக்கிறார்கள். கிண்டியைத் தொடங்கி வைத்தவர்கள் 'இத்தனை கோடிக் கடன்' என்று ஒரு போர்டு கூட வைக்க முடியாது. ஆனால் அறுபது வருடம் கழித்தும் அந்தத் தெருக்களில் மெஷின் ஓடுகிறது. கொஞ்சம் கொஞ்சமாக ஷோரூமும் சாஃப்ட்வேர் ஆபீஸும் அங்கே இடம் பிடித்துவருவது வேறு விஷயம்.

கரண்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் மின் கட்டணம் உயர்ந்தபோது, நிலைக் கட்டணமும் உச்ச நேரக் கட்டணமும் சிறு தொழில்களுக்குப் பெரிய அடியாக விழுந்தன. அடுத்த வருடம் செப்டம்பர் 25-ம் தேதி மாநிலம் முழுக்க ஒரு நாள் கதவடைப்பே நடத்தினார்கள். மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டியது நிலைக் கட்டணம். தொழில் தொடங்க மானியம் கொடுக்கிற துறை ஒன்று, ஆர்டர் இல்லாத மாதத்திலும் பில் போடுகிற துறை ஒன்று. இரண்டும் ஒரே கோட்டைக்குள்தான் இருக்கின்றன.

கோவை கணபதி பக்கம் ஒரு நண்பர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஐந்து மெஷின், ஏழு ஆட்கள். கம்பெனிகளிலிருந்து காஸ்டிங் வரும், கடைந்து கொடுப்பார். அரசுத் திட்டங்களைப் பற்றி எழுதப் போகிறேன், ஏதாவது லோன் விஷயமாகச் சொல்லுங்கள் என்று கேட்டேன். சிரித்தார்.

"லோனுக்கு என்னங்க சார், மாசம் நாலு பேங்க்ல இருந்து போன் வருது. எனக்கு வர வேண்டியது எட்டு லட்சம் வெளியில நிக்குதுங்க. அதை வாங்கிக் குடுங்க போதும். நான் பேங்க்குக்கே கடன் குடுப்பேன்."

அவருடைய கணக்கு இதுதான். சரக்கு இன்று போகிறது. பில் இன்று தேதிக்கு. ஜி.எஸ்.டி. அடுத்த மாதம் 20-ம் தேதிக்குள் கட்டியாக வேண்டும், பணம் வந்தாலும் வராவிட்டாலும். ஆட்களுக்குச் சனிக்கிழமை சம்பளம். கம்பெனியிலிருந்து பணம் வர 90 நாள், சமயத்தில் 120. நடுவில் மூன்று மாதத்தை எதை வைத்து ஓட்டுகிறார்? பேங்க் ஓவர்டிராஃப்ட், 11 சதவிகித வட்டி. அது தீர்ந்தால் நகை. அதுவும் தீர்ந்தால் மைத்துனர்.

இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். அரசு உத்தரவாதம் கொடுக்கிறது, பேங்க் பணம் கொடுக்கிறது, வட்டியைப் பட்டறைக்காரர் கட்டுகிறார். அந்தப் பணத்தை மூன்று மாதம் வட்டியில்லாமல் அனுபவிப்பவர் யார்? சரக்கை வாங்கிக்கொண்டு செக் போடாத பெரிய கம்பெனி. சிறுதொழிலுக்கு என்று பேர் போட்டு நாம் கொடுக்கும் கடனில் ஒரு பெரும் பங்கு இப்படிப் பின்வாசல் வழியாகப் பெரியவர்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. திட்டத்தின் அறிக்கையில் மட்டும் அது பட்டறைக்காரர் பெயரில் ஒரு கடனாகச் சாதனைக் கணக்கில் ஏறுகிறது.

இப்படி வெளியில் நிற்கும் பணம் எவ்வளவு? கேம் என்ற அமைப்பும் டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட்டும் சேர்ந்து 2022ல் ஒரு மதிப்பீடு போட்டார்கள். 10.7 லட்சம் கோடி ரூபாய். முத்ராவில் 2023-24 முழு வருடத்துக்கும் கொடுத்தது 5 லட்சம் கோடி சொச்சம். இரண்டு வருட முத்ரா அளவுக்கான பணம், அவர்களுடைய சொந்தப் பணம், பிறர் கல்லாவில் தூங்கியது.

இதற்குச் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. பிரமாதமான சட்டம். 2006ல் வந்த சிறு, குறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம். சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாள். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் பேங்க் அறிவிக்கும் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் வட்டிக்கு வட்டி. பேங்க் ரேட் 6 சதவிகிதம் என்றால் இங்கே 18. கந்துவட்டிக்காரரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படிப்பார். கொடுக்காதவர் மீது புகார் செய்ய மாநிலத்தில் கவுன்சில் இருக்கிறது. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, திருச்சி, மதுரை என்று நான்கு. 90 நாளில் தீர்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தீர்ப்பை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போக வேண்டுமானால் தொகையில் 75 சதவிகிதத்தை முதலில் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். 2017ல் 'சமாதான்' என்று இணையதளமே திறந்து, வீட்டிலிருந்தே புகார் கொடுக்க வழி செய்தார்கள்.

நண்பரிடம் இதையெல்லாம் ஒப்பித்தேன்.

"தெரியுங்க சார். எங்க சங்கத்துல கிளாஸே எடுத்தாங்க. நான் புகார் குடுத்தா என்ன ஆகும்? எட்டு லட்சம் வந்துரும். அடுத்த நாள்ல இருந்து காஸ்டிங் வராது. பக்கத்து வீதியில என்னை மாதிரி முப்பது பேர் இருக்காங்க. கல்யாணம் பண்ணிக்கிட்டு மாமனார் மேல கேஸ் போட முடியுங்களா?"

சட்டத்தின் ஓட்டை இதுதான். பாதிக்கப்பட்டவர் வாய் திறந்தால்தான் அது வேலை செய்யும். வாய் திறந்தால் பிழைப்புப் போகும். ஆகவே அங்கே போகிறவர்களில் பலர், அந்தக் கம்பெனியோடு உறவே முறிந்துபோனவர்கள். மேம்படுத்த வந்த சட்டம், கடையை மூடியபிறகு கணக்குத் தீர்க்கும் சட்டமாகப் பயன்படுகிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சமாதானில் புகார் வாங்கியவர்கள் பட்டியலில் தனியார் மட்டும் இல்லை. பொதுத்துறை நிறுவனங்கள், மாநில அரசுகள், மத்திய அரசுத் துறைகள் எல்லாம் இருக்கின்றன. சிறுதொழிலை வாழவைக்கத் திட்டம் போடுகிறவரே அவர்களுக்குப் பாக்கிக்காரர். டெண்டர் எடுத்து நாற்காலி செய்து கொடுத்தவரைக் கேளுங்கள். பில் எந்த டேபிளில் இருக்கிறது, எந்தத் தலைப்பில் நிதி இல்லை என்று மனப்பாடமாகச் சொல்வார்.

'ட்ரெட்ஸ்' என்று ஒரு மின்னணுச் சந்தை 2017லிருந்து நடக்கிறது. பெரிய கம்பெனிக்குப் போட்ட பில்லை அங்கே ஏற்றினால், பேங்க்குகள் போட்டி போட்டுக் குறைந்த வட்டியில் உடனே பணம் கொடுத்துவிடும். கெடு நாளில் கம்பெனி பேங்க்குக்குக் கட்டும். யோசனை அருமை. 500 கோடிக்கு மேல் விற்பனை உள்ள கம்பெனிகள் அதில் கட்டாயம் சேர வேண்டும் என்று 2018ல் சொன்னார்கள். 2024ல் அதை 250 கோடியாகக் குறைத்தார்கள். ஆனால் சேருவதுதான் கட்டாயம். வந்த பில்லை 'ஆமாம், இது நான் தர வேண்டிய பணம்' என்று வாங்கியவர் ஒரு பட்டனைத் தட்டினால்தான் சந்தை நகரும். செக் போட மனமில்லாதவருக்குப் பட்டன் தட்ட மட்டும் மனம் வந்துவிடுமா?

இத்தனை திட்டங்களில், நிஜமாகவே பெரியவர்களின் தூக்கத்தைக் கெடுத்தது ஒன்றே ஒன்று. அதற்கு அழகான பெயர் கிடையாது, லோகோ கிடையாது, துவக்க விழா நடக்கவில்லை. 2023 நிதிச் சட்டத்தில் வருமான வரிச் சட்டத்தின் 43-பி பிரிவில் ஓர் உட்பிரிவைச் சேர்த்தார்கள். குறு, சிறு தொழிலிடம் சரக்கு வாங்கிவிட்டு 45 நாள் கெடுவுக்குள் பணம் கொடுக்கவில்லையென்றால், வருட முடிவில் அந்தத் தொகையைச் செலவாகக் காட்டி வரி குறைக்க முடியாது. எந்த வருடம் கொடுக்கிறாயோ அந்த வருடம்தான் செலவு. 2024 மார்ச்சில் முடிந்த கணக்கிலிருந்து அமலுக்கு வந்தது.

இதில் இருக்கும் சூட்சுமத்தைப் பாருங்கள். பட்டறைக்காரர் புகார் கொடுக்க வேண்டாம். வாய் திறக்கவே வேண்டாம். வாங்கியவருடைய ஆடிட்டரே வாங்கியவரிடம் போய், 'சார், இந்தப் பாக்கியை மார்ச்சுக்குள் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வரி கூடும்' என்று சொல்வார். அரசுக்கு இதில் ஒரு பைசா மானியச் செலவு இல்லை.

2024 பிப்ரவரி, மார்ச்சில் ஜவுளிச் சந்தைகளில் ஒரே அமளி. மூன்று நான்கு மாதக் கடனுக்குச் சரக்கு கைமாறுவது அங்கே தலைமுறை வழக்கம். இந்த விதியைத் தள்ளிவையுங்கள் என்று வியாபாரிகள் சங்கங்கள் டெல்லிக்கு மனு மேல் மனு போட்டன. சில கம்பெனிகள் நிலுவையை அவசரமாகக் கொடுத்தன. சிலர் இதிலும் சந்து கண்டுபிடித்தார்கள். சிறுதொழில் என்று பதிவு செய்திருந்தால்தானே இந்தத் தொல்லை? 'உன் உத்யம் பதிவை ரத்து செய்துவிட்டு வா, ஆர்டர் தருகிறேன்' என்றார்கள். அரசின் எல்லா உதவிக்கும் நுழைவுச் சீட்டான பதிவை, ஆர்டருக்காகச் சிலர் ரத்து செய்யவும் செய்தார்கள். திட்டத்தின் பலன் என்ன என்று அளக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. முத்ராக் கடன் வாங்காதே என்று எந்தப் பெரிய கம்பெனியும் யாரையும் மிரட்டியதில்லை.

அந்த விதியிலும் குறைகள் இல்லாமல் இல்லை. வியாபாரம் மட்டும் செய்பவர்களுக்கு இது பொருந்தாது, நடுத்தரத் தொழிலுக்கும் பொருந்தாது. கணக்கு முடிகிற மார்ச்சில்தான் பயம் வருகிறது. ஜூன் மாதப் பாக்கியை ஜனவரியில் கொடுத்தாலும் வரியில் நஷ்டமில்லை. பெரிய கம்பெனிகள் சின்னவர்களை விட்டுவிட்டு நடுத்தரத்திடம் ஆர்டரைத் திருப்பிவிடும் என்ற பயமும் நியாயமானதே.

சின்னவர் யார் என்பதிலேயே இப்போது குழப்பம். 2025 ஏப்ரலிலிருந்து 10 கோடி ரூபாய் விற்பனை வரை 'குறு', 100 கோடி வரை 'சிறு'. பாக்கி விஷயத்தில் இந்த விரிவு நல்லதுதான், அதிகம் பேருக்குப் பாதுகாப்பு. ஆனால் கடன், மானிய வரிசையில் என் லேத் நண்பரும் வருடம் 9 கோடிக்கு விற்கிறவரும் ஒரே பெயரில் நிற்கிறார்கள். பேங்க் மேனேஜருக்கு இரண்டு பேரும் ஒரே இலக்கைத்தான் பூர்த்தி செய்வார்கள். அவர் யாரை முதலில் உட்காரச் சொல்வார்?

பழைய காலத்து வழி இன்னொன்று இருந்தது. இந்தப் பொருளைச் சின்னவர்கள்தான் செய்யலாம் என்று ஒதுக்கிவைப்பது. 1967ல் 47 பொருளில் ஆரம்பித்து 800-ஐத் தாண்டியது. பிறகு படிப்படியாகக் குறைத்து, ஊறுகாய், மெழுகுவத்தி, தீப்பெட்டி, பட்டாசு என்று மிச்சமிருந்த 20 பொருள்களையும் 2015ல் விடுவித்துவிட்டார்கள். ஒதுக்கீடு நீங்கிய மாவட்டங்களில் வேலைவாய்ப்பு கூடியது என்று 2017ல் மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். வேலிக்குள் இருந்தவர் வேலியைத் தாண்டினால் சலுகை போய்விடும் என்று வளராமலே இருந்ததும் ஒரு காரணம். ஆகவே சின்னவர்களைப் பொத்திப் பொத்தி வையுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை.

எனக்கு இரண்டு ஆசைகள்தான். ஒன்று, மாவட்டக் கலெக்டர்கள் பேங்க் அதிகாரிகளைக் கூட்டி நடத்தும் ஆய்வில், 'எத்தனை கடன் கொடுத்தீர்கள்' என்பதற்குப் பக்கத்தில், 'மூன்று வருடம் முன்பு கொடுத்ததில் எத்தனை கடை திறந்திருக்கிறது' என்று ஒரு கட்டம் சேர்க்கட்டும். ஜி.எஸ்.டி. கணக்கும் கரண்ட் கணக்கும் கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. ஒரு பட்டறை மூச்சு விடுகிறதா என்று பார்க்க அதன் மின் ரீடிங் போதும்.

இரண்டாவது, ஒவ்வொரு அரசுத் துறையும், வாரியமும், மாநகராட்சியும் 45 நாளைத் தாண்டி சிறுதொழிலுக்கு வைத்திருக்கும் பாக்கியை மாதம் ஒருமுறை வெளியிடட்டும். தனியாரை அதட்டுவதற்கு முன்னால் இதைச் செய்தால் அதட்டலுக்குக் கொஞ்சம் மரியாதை இருக்கும்.

அதுவரை, தொழில் செய்யும் வாசகர்களுக்கு ஒரு சின்ன விஷயம். உத்யம் பதிவு இலவசம். ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் அரைமணி நேரத்தில் இணையத்தில் முடித்துவிடலாம். அதற்கு 2,000, 3,000 என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். பதிவு எண்ணையும் நீங்கள் குறுவா, சிறுவா என்பதையும் பில்லின் மேலேயே பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். வட்டி பற்றி ஒன்றும் எழுத வேண்டாம். கேட்கவும் வேண்டாம். சும்மா அந்த எண் இருக்கட்டும். மார்ச் மாதம் அவர்களுடைய ஆடிட்டர் கண்ணில் படும்.

லேத் நண்பரும் அச்சிட்டிருக்கிறார். போன மார்ச்சில் எட்டு லட்சத்தில் ஐந்து வந்ததாம். "மீதிக்கு?" என்றேன். "இது ஏப்ரல்தானுங்களே" என்றார்.